காடைக் குஞ்சை வீட்டுக்குள்ளிருந்து வெளிக் கூண்டுக்கு மாற்றும்போது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் 10 நாள் குஞ்சுக்குக் காவல் இருப்பதுபோல் பார்த்துக்கொள்வார்கள். சூட்டுக்குப் போட்ட பல்பு எரிகிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று ராத்திரி எழுந்து போய்ப் பார்ப்பார்கள். அந்தக் கட்டம் தாண்டியதும் ‘இனிப் பிழைச்சுக்கும்’ என்று ஒரு தெம்பு வந்துவிடும். 3-வது வாரத்தில் தூக்கி வெளிக் கூண்டில் விடுவார்கள். மறுநாள் விடிந்ததும் எனக்குப் போன் வரும்: “அண்ணே, நேத்து ஓடித் திரிஞ்ச குஞ்சு, இன்னைக்கு மூலையில குவியலா செத்துக் கெடக்கு. என்ன சீக்குன்னு தெரியல.”

பெரும்பாலும் அது சீக்கு இல்லை. மாற்றிய விதத்தில்தான் தவறு இருக்கும். தக்கலைக்கும் திருவட்டாருக்கும் இடையே வீட்டுப் பின்புறத்தில் சில ஆண்டுகளாகக் காடை வளர்த்துவருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சொல்வதெல்லாம் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடைக்கு மட்டும்.

எத்தனையாவது நாளில் வெளியே மாற்றலாம்?

பொதுவாக 21 முதல் 28 நாளுக்குள். பங்குனி, சித்திரை வெயிலில் நாகர்கோவில், அகஸ்தீஸ்வரம் பக்கம் 20 நாளிலேயே மாற்றலாம். ஆடிச் சாரலில் குலசேகரம் பக்கம் 28 நாள் ஆனாலும் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்க வேண்டும்.

நாளை எண்ணுவதைவிட இறகைப் பாருங்கள். ஒரு குஞ்சைக் கையில் எடுத்து முதுகையும் நெஞ்சையும் விரலால் தடவினால் பஞ்சு தட்டுப்படக் கூடாது, வழுவழுவென்று இறகு தட்டுப்பட வேண்டும். தலை உச்சியிலும் கழுத்திலும் கொஞ்சம் மஞ்சள் பஞ்சு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. அது கடைசியில்தான் உதிரும். நெஞ்சில் பெட்டைக்குச் சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளியும், சேவலுக்குப் புள்ளியில்லாத செம்பழுப்பும் தெளிவாகத் தெரியத் தொடங்கினால் இறகு ஓரளவு முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் எடுப்பது கூட்டத்திலேயே கொழுத்த குஞ்சாக இருந்தால் பிரயோசனம் இல்லை. இருப்பதில் சிறிய 10 குஞ்சைத் தேடிப் பாருங்கள். அவற்றுக்கு இறகு வந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றலாம். வராவிட்டால் அந்தச் சிறிசுகளை மட்டும் உள்ளேயே இன்னொரு வாரம் வையுங்கள்.

நம்ம ஊரில் குளிரே கிடையாதே, பிறகு ஏன் சாகிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

நம் மாவட்டத்தில் ராத்திரி வெப்பம் பெரும்பாலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இறகு முளைத்த காடைக்கு அது ஒரு குளிரே அல்ல. ஆனால் நமக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. ஈரமும் காற்றும் சேர்ந்து வரும் ராத்திரியில் 24 டிகிரிகூட அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது. பொரிக்கும்போது 8, 10 கிராம் இருந்த உயிர் அது. 3 வாரத்தில் பல மடங்கு கூடியிருந்தாலும் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கிற அளவுக்குச் சதை கிடையாது. இறகு நனைந்துவிட்டால் அதுவும் உதவாது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு ஆடி மாதம், 120 குஞ்சு, 22-வது நாள். பகல் முழுக்க சாரல். சாயங்காலம் மழை விட்டதும் இதுதான் சமயம் என்று மாற்றினேன். கூண்டு மேற்குப் பார்த்து, மேலே தார்ப்பாய். இருட்டியதும் காற்று பிடித்தது. காலையில் போனால் கிழக்கு மூலையில் ஒரு மேடு. மேலே நின்ற குஞ்சுகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. அவற்றை விலக்க விலக்க அடியில் இருந்தவை தட்டையாக, வேர்த்ததுபோல் ஈரமாக, இன்னும் சூடு ஆறாமல் கிடந்தன. 37 எண்ணினேன். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கிறது என்றார்.

நடப்பது இதுதான்: ஒரு குஞ்சுக்குக் குளிர்ந்தால் பக்கத்தில் இருப்பதன் அடியில் நுழையும். அது அடுத்ததன் அடியில் நுழையும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர் மூலையில் எல்லாம் போய் அடையும். குளிர் நேராகக் கொல்வது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நெரிசலில் போவது.

காற்றும் இடத்துக்கு இடம் மாறும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை வரும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை. தோவாளைப் பக்கத்தில் அந்த மாதங்களில் மேற்குப் பக்கத்தை அடைக்காமல் கூண்டு வைக்கவே கூடாது. பேச்சிப்பாறை, திற்பரப்பு பக்கம் ரப்பர் மரத்துக்கு அடியில் காற்று குறைவு, ஆனால் தரை காயவே காயாது. அங்கே கூண்டைத் தரையிலிருந்து 3 அடியாவது உயர்த்த வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழும். துத்தநாகம் பூசிய கம்பிவலையே வாங்குங்கள்.

அடைப்பது என்றால் முழுக்க மூடுவது அல்ல. கூண்டின் அடியிலிருந்து குஞ்சின் தலைக்கு மேல் வரும் உயரத்துக்கு முடைந்த ஓலையோ சாக்கோ கட்டி, அதற்கு மேலே திறந்து விடுங்கள். காற்று குஞ்சின் தலைக்கு மேலாகப் போகட்டும், உடம்பில் படக் கூடாது. நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் உள்ளே வேர்க்கும், எச்சத்தின் காரவாடை தங்கும், இரண்டே நாளில் கண் எரிந்து மூக்கு ஒழுகத் தொடங்கும்.

பல்பை எப்படி நிறுத்துவது?

முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். நம் ஊர்ப் பகல் சூட்டுக்கு 2 வாரம் ஆனதும் பகலில் பல்பே தேவைப்படாது; ராத்திரிக்கு மட்டும் போதும். வெளியே மாற்றுவதற்கு முந்தைய 3 ராத்திரி பல்பே இல்லாமல் உள்ளேயே இருக்கட்டும். அந்த 3 ராத்திரியும் நெருக்கியடித்துக்கொள்ளாமல் பரவலாகப் படுத்தால் தயார்.

சூட்டுக்கு எல்இடி பல்பு போட்டுவிட்டு ‘வெளிச்சம் இருக்கே, ஏன் நடுங்குது?’ என்று கேட்டவர்கள் உண்டு. எல்இடியில் குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிறந்ததிலிருந்து பல்பு வெளிச்சத்திலேயே இருந்த குஞ்சுக்கு இருட்டு என்றால் என்னவென்று தெரியாது. முதல்முறை இருட்டு வந்ததும் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வெளிக் கூண்டின் முதல் ராத்திரியில் சாவு விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். அதனால் 10-வது நாளிலிருந்தே பழக்குங்கள். முதல் நாள் 10 நிமிடம் அணையுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மறுநாள் அரை மணி, பிறகு ஒரு மணி என்று கூட்டுங்கள். நம் ஊரில் காற்றடித்தால் தென்னமட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போவது சாதாரணம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எத்தனையோ கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. இருட்டு பழகிய குஞ்சு அந்த மாதிரி ராத்திரியைத் தாங்கும்.

வெளிக் கூண்டிலும் முதல் 3 ராத்திரி மங்கலாக ஒரு சிறு விளக்கு எரியட்டும், சூட்டுக்காக அல்ல, தண்ணீர்ப் பாத்திரம் கண்ணில் படுவதற்காக. இதற்கு எல்இடி போதும்.

எந்த நேரத்தில் மாற்ற வேண்டும்?

காலையில். 7 மணிக்கு மாற்றினால் இருட்டுவதற்குள் தண்ணீர் எங்கே, தீனி எங்கே, எந்த மூலை கதகதப்பு என்று கண்டுபிடிக்கப் பகல் முழுக்க இருக்கிறது. சாயங்காலம் மாற்றாதீர்கள், நான் பட்டது போதும். தொடர்ந்து 2, 3 நாள் வெயிலடிக்கும் நாளாகப் பாருங்கள்.

உள்ளே இருந்த அதே தண்ணீர்ப் பாத்திரம், அதே தீவனத் தட்டு இரண்டையும் கூடவே கொண்டுபோங்கள். புதுப் பாத்திரம் அழகாக இருக்கும், குஞ்சு அடையாளம் தெரியாமல் தாகத்தில் நிற்கும். நிப்பிள் (அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் குழாய்முனை) வைத்த கூண்டு என்றால் 4 நாளைக்குப் பழைய பாத்திரமும் இருக்கட்டும். குஞ்சு விழுந்துவிடாமல் இருக்கத் தண்ணீரில் போட்ட கூழாங்கல்லை இப்போது எடுத்துவிடலாம். கருப்பட்டித் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நல்ல தண்ணீரே போதும். இனிப்பு வைத்தால் எறும்புதான் வரும்.

அன்று இருட்டும் நேரத்தில் 10 குஞ்சைப் பிடித்துத் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். ஊறவைத்த பயறு நிறைத்த சிறு பைபோல் மெத்தென்று இருந்தால் தின்றிருக்கிறது, குடித்திருக்கிறது. கல்போல் இருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. காலியாக இருந்தால் தீனியையே அது கண்டுபிடிக்கவில்லை. பிடித்து அலகைத் தட்டில் காட்டிவிடுங்கள்.

கூண்டு நல்லதா, தரையில் விடுவது நல்லதா? எவ்வளவு இடம் வேண்டும்?

4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரக் கூண்டில் 3-வது வாரம் முதல் 6-வது வாரம் வரை 50 காடை வைக்கலாம். தரையில் உமி பரப்பி வளர்த்தால் சதுர அடிக்கு 5, 6. நான் மழைக்காலத்தில் கூண்டு, கோடையில் தரை என்று மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கூண்டிலேயே நின்றுவிட்டேன். எச்சம் கீழே விழுந்துவிடும், ரத்தக்கழிச்சல் குறையும், வாழைக்கு உரமும் சேரும்.

கூண்டின் அடிக்கம்பி கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் இந்த வயதுக் குஞ்சின் கால் உள்ளே போய் மாட்டும். முதல் 4 நாள் ஒரு பக்கத்தில் மட்டும் சாக்குத் துண்டு விரித்து வையுங்கள், கால் பழகும். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் விரிந்து போகும்.

தலை உடைந்து செத்துக் கிடக்கிறது. யார் கொத்தியது?

யாரும் கொத்தவில்லை. காடை மிரண்டால் நேர் மேலே எழும்பும். பூனை ஓடினாலும், பட்டாசு வெடித்தாலும், தேங்காய் விழுந்தாலும் அப்படித்தான். 2, 3 அடி உயரக் கூண்டுதான் இதற்கு மோசம், ஏனென்றால் வேகம் எடுக்க இடம் இருக்கிறது. 10, 12 அங்குலத்துக்குள் உயரத்தை அடக்குங்கள். அல்லது ஆள் நிற்கிற உயரத்துக்கு அறையாகவே கட்டுங்கள். ஏற்கெனவே ஒன்றரை அடிக் கூண்டு வாங்கிவிட்டீர்கள் என்றால் கூரைக்கு ஒரு சாண் கீழே பழைய மீன்வலையைத் தொய்வில்லாமல் கட்டிவிடுங்கள். மண்டை கம்பியில் மோதாது. கண் பெரிதாக இருந்தால் தலை சிக்கும், சிறு கண் வலையாகப் பாருங்கள். குளச்சலில் கழித்துப்போட்ட வலை கிடைக்கும்.

பாம்பு, கீரி, மரநாய், எலி: எதற்கு முதலில் பயப்பட வேண்டும்?

எலிக்கு. மற்றதெல்லாம் எப்போதாவது வரும், எலி தினமும் வரும். சிந்திய தீவனத்துக்கு வந்து, பிறகு தூங்குகிற குஞ்சின் காலைக் கடிக்கும். எலி வந்தால் அதைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வரும். ராத்திரி தீவனத் தட்டை எடுத்துவிட்டுக் கூண்டுக்கு அடியில் பெருக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. கீரியும் நாயும் அதைக் கிழித்துவிடும். வெல்டிங் செய்த வலையே போடுங்கள். கீழே 2 அடிக்குக் கால் அங்குலக் கண் நல்லது. மரநாயும் பூனையும் வலைக்கு வெளியே இருந்தபடியே, ஓரத்தில் படுத்த குஞ்சின் தலையை நகத்தால் இழுக்கும். காலையில் தலையில்லாத உடம்பு கிடந்தால் வேலை அதுதான். வெளிப்பக்கம் 2 அங்குலம் தள்ளி இன்னொரு வலை கட்டினால் நகம் எட்டாது.

எறும்பை மறந்துவிடாதீர்கள். கூண்டுக்கால் ஒவ்வொன்றையும் ஒரு சிரட்டையில் நிறுத்திப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். மரக்கிளையோ கொடியோ கூண்டைத் தொட்டால் அந்த வழியாக முசிறு இறங்கிவிடும், வெட்டிவிடுங்கள்.

தரையில் என்ன பரப்பலாம்? ரப்பர் மரத்தூள் சும்மா கிடைக்கிறது.

நெல் உமிதான் முதல் தேர்வு. கும்பப்பூ (நம் மாவட்டத்து இரண்டாம் நெல் போகம்) அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் மில்லில் நிறைய கிடைக்கும்; அப்போதே சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவையுங்கள். முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு மழையோடு வருவதால் அந்த உமி சில சமயம் ஈரமாக இருக்கும், பூசணம் பிடித்திருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். பூசண உமியில் வளர்ந்த குஞ்சுக்கு நுரையீரல் கெட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதற்கு மருந்து கொடுத்து மீட்பது கடினம்.

தும்பு (தேங்காய் நார்) ஆலைகளில் கிடைக்கும் நார்க்கழிவுத் தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். நன்கு காயவைத்து, தூசியைச் சலித்துவிட்டுப் போடலாம். ரப்பர் மரத்தூளில் ஒரு சிக்கல்: ரப்பர் பலகைக்குப் பூச்சி வராமல் இருக்கப் போரிக் அமிலம் கலந்த மருந்து ஏற்றுவார்கள். மருந்து ஏற்றும் முன்பு அறுத்த பச்சைமரத் தூளா, பின்பு அறுத்ததா என்று மில்லில் கேட்டுவிட்டு வாங்குங்கள். தெரியாவிட்டால் வேண்டாம். கடல்மணல் உப்பு, அதுவும் வேண்டாம்.

மாற்றும் வாரத்திலேயே தீவனத்தையும் மாற்றலாமா?

கூடாது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் போதும். முதல் 3 வாரம் 27 சதவீதப் புரதம் உள்ள தீவனம், அதன்பின் 24 சதவீதம். கூண்டு மாற்றி ஒரு வாரம் கழித்துப் பழையதில் புதியதைக் கலந்து மெல்ல மாற்றுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தை இந்த வயதில் போடவே போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெடும். கருவாட்டுத்தூள் சேர்க்கிறவர்கள் உப்புப் போடாமல் காயவைத்த மீனா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். உப்புக் கருவாடு காடைக்கு விஷம்.

வீட்டில் நாட்டுக்கோழி இருக்கிறது. சேர்த்து விடலாமா?

வேண்டாம். கோழிக்குத் தெரியாமல் அதன் உடம்பில் இருக்கும் சளி நோய் காடையைப் படுக்கவைக்கும். கூண்டுகளைத் தள்ளி வையுங்கள், காடைக்கென்று தனிச் செருப்பு வையுங்கள், காலையில் முதலில் காடைக்குப் போய்விட்டுப் பிறகு கோழிக்குப் போங்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்து களியக்காவிளையில் வண்டிகளுக்கு மருந்து தெளிக்கிற நாள்களில் புதுக் குஞ்சு வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு அக்கா கேட்டது: “எங்க ஊர்ல ஆறு மாசம் மழை. அப்போ நான் வளர்க்கவே கூடாதா தம்பி?”

வளர்க்கலாம் அக்கா. ஆனால் குஞ்சு வாங்கும் முன்பே மாற்றும் நாளை எண்ணிப் பாருங்கள். தை பிறந்ததும் வாங்கினால் மாசியில் மாற்றலாம், அதைவிட நல்ல சமயம் உங்கள் ஊருக்குக் கிடையாது. வைகாசி நடுவில் வாங்கினால் மாற்றும் நாள் சரியாக மழைக்குள் வந்து நிற்கும். அப்படி வந்துவிட்டால் வெளியே விட அவசரப்படாதீர்கள். திண்ணையிலோ ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையின் ஓரத்திலோ கூண்டை வைத்து 5-வது வாரம் வரை அங்கேயே இருக்கட்டும். கூரை இருந்து, சாரல் படாமல், காற்றோட்டம் இருந்தால் அதுவே பாதி வெளிதான். ரப்பர் ஷீட் புகை போடும் அறைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அந்தப் புகை ஆகாது.

வெயில் காலத்தில் கவலை இல்லைதானே?

வேறு கவலை இருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மத்தியானம் குஞ்சு வாயைத் திறந்து, இறக்கையை விரித்து நிற்கும். கூரைமேல் தென்னோலை போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். குடிதண்ணீரை நிழலில் வைத்து மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள்.

மாற்றியபின் எதைப் பார்த்தால் திரும்ப உள்ளே எடுக்க வேண்டும்?

முதலில் காதால் கேளுங்கள். ராத்திரி 9 மணிக்கு விளக்கில்லாமல் கூண்டருகே நில்லுங்கள். சிறுசாக முனகல்போல் சத்தம் வந்து அடங்கினால் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம். விடாமல் கூர்மையாகக் கீச்சிட்டால் குளிர்கிறது. அப்போதே எடுத்து உள்ளே கொண்டுவாருங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்து எச்சம். தண்ணீராக, வெள்ளையாக, அல்லது ரத்தம் கலந்து போனால் அந்தக் குஞ்சைத் தனியாகப் பிரியுங்கள். ஒரே நாளில் 100-க்கு 2, 3 செத்தால் செத்ததைப் புதைக்காமல் பையில் போட்டு அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். கடையில் சொல்கிற பொடியை வாங்கிக் கலக்குவதில் இரண்டு நாள் வீணாகும், அந்த இரண்டு நாளில் மிச்சமும் போகும்.

வயலில் பிடித்த காடையைச் சேர்த்து வளர்க்கலாமா?

கூடாது. காட்டுக் காடையும் கவுதாரியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை, பிடிப்பதே குற்றம். இந்தியாவில் பண்ணைக் காடை என்பது 1974-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, பின்பு இஸத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த ஜப்பானியக் காடை. தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நாமக்கல் காடை, நந்தனம் காடை இரண்டும் அதே இனத்தின் வகைகள்தான். குஞ்சு வாங்கும்போது ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் முட்டைக்கு எவ்வளவு நாள்?

குஞ்சு பொரித்ததிலிருந்து 6, 7 வாரத்தில் முதல் முட்டை வரும். 5-வது வாரத்திலேயே சேவல்கள் கூவவும் சண்டை போடவும் தொடங்கும். கறிக்கு என்றால் அவற்றைத் தனியாகப் பிரியுங்கள், அடைவைக்க முட்டை வேண்டும் என்றால் 3 பெட்டைக்கு 1 சேவல் விடுங்கள். முட்டை விழும் வாரத்திலிருந்து விளக்கோடு சேர்த்து 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். அதற்கு முன்பு கூண்டை ஒருமுறை இடம் மாற்ற வேண்டியிருந்தால் 5-வது வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். முட்டை தொடங்கியபின் இடம் மாற்றினால் ஒரு வாரம், 10 நாள் நின்றுபோய்த்தான் மறுபடி தொடங்கும்.